கப்பல் தகடு

செப்புத் தகட்டுல ஒரு கப்பலைச் செதுக்கினதுக்காக எனக்கு மொளகா வத்தல் புகை போட்டாங்க. சங்கரன்கோவில்லதான், பட்டப்பகல்ல, பக்கத்துச் சந்துல தறி ஓடிட்டு இருக்கும்போதே. சொன்னா, "இந்தக் காலத்துலயா?"ன்னு கேக்காங்க. இந்தக் காலத்துலதான். நான் இருமி இருமி மூக்கு ஒழுக உக்காந்திருந்தத எதுத்த வீட்டுக்காரி செல்லுல வீடியோ எடுத்தா.

எங்க வீட்டுக்காரரு சரக்குக் கப்பல்ல வேலை பாத்தாரு. துறைமுகத்துல கப்பல் அணையும்போது கயிறு போட்டு இழுத்துக் கட்டுறது, துரு சுரண்டுறது, பெயிண்ட் அடிக்கிறது எல்லாம் அவரு வேலை. வருசத்துல முக்காவாசி கடல்லதான் இருப்பாரு. எங்க வம்சத்துக்கும் கடலுக்கும் ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது. எங்க அப்பா இளையரசனேந்தல் பக்கம் மானத்தைப் பாத்து வெள்ளாமை பண்ணவரு. நான் ஓவியக் கல்லூரியில பதிப்போவியம் படிச்சேன். அதாவது, தகட்டுல படத்தைச் செதுக்கி, கீறலுக்குள்ள மை தேச்சு, காகிதத்துல அழுத்தி எடுக்கிற வேலை. "படம் போடுற பொண்ணு, வாயி கொஞ்சம் நீளம்"னு தரகர் சொல்லித்தான் கல்யாணம் முடிஞ்சுது. அவரு சொன்னதுல ரெண்டுமே பொய்யில்ல.

கல்யாணத்துக்கு அப்புறம் உளியைத் தொடல. வீட்ல நானும் அவரைப் பெத்த அத்தையும் மட்டுந்தான். அத்தை சொன்னாங்க, அத்தை வந்தாங்கன்னு மரியாதையா எழுதத்தான் பாக்கேன், கை வர மாட்டேங்கு. அவ, இவன்னே எழுதிக்கிடுதேன். என் வீட்டுக் கதை, என் இஷ்டம்.

ஒரு தடவ பெல்ஜியம் தேசத்துல ஏதோ துறைமுகத்துல கப்பல் நின்னப்ப, இவரு ஊரு சுத்திப் பாக்க எறங்கி, மழைக்கு ஒதுங்க ஒரு மியூசியத்துக்குள்ள போயிருக்காரு. அங்கன செவரு பூரா கப்பல் படம். ஐரோப்பாவுல மறுமலர்ச்சிக் காலத்துல செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்ச படங்க. "நீ படிச்ச படிப்பாச்சே"ன்னு அதோட போஸ்ட் கார்டு ஒரு கட்டு வாங்கிட்டு வந்தாரு. சென்ட்டு வாங்கிட்டு வந்திருக்காரு, சாக்லேட்டு வாங்கிட்டு வந்திருக்காரு, அளவு தெரியாம ஒரு தடவ செருப்பும் வாங்கிட்டு வந்திருக்காரு. இதுக்குத்தான் நான் அழுதேன். "புடிக்கலியா?"ன்னு பயந்து போய்க் கேட்டாரு, பாவம்.

அந்தப் படத்தையெல்லாம் பாக்கணும் நீங்க. சாயம் கெடையாது, பூச்சு கெடையாது, எல்லாம் கோடு. பாய் காத்துல உப்பி நிக்கது கோடு, அலை கோடு, மேகம் கோடு, பீரங்கி வாயிலேருந்து வர்ற புகைகூடக் கோடுதான். கோடு நெருங்கினா இருட்டு, வெலகினா வெளிச்சம், அம்புட்டுத்தான் சூத்திரம். கப்பல் ஒவ்வொண்ணும் மலை மாதிரி. அதுல தொங்குற ஆளுக எறும்பு மாதிரி. மூலையில ஒரு மீனு, பன்னிக்கும் மீனுக்கும் பொறந்த கணக்கா, வாயைப் பொளந்துகிட்டு கெடக்கும். ஒரு படத்துல கப்பல் சரிஞ்சு முங்கப் போகுது. தண்ணிக்குள்ள விழுந்தவன் கையத் தூக்கிக்கிட்டு இருக்கான். செதுக்கினவன் அவனைக் காப்பாத்தவும் இல்ல, அவனுக்காக ஒரு கோட்டைக் கொறைக்கவும் இல்ல. கப்பல்ல ஒரு கயிறு விடாமச் செதுக்கியிருக்கான். ஈவு இரக்கமே இல்லாத கை. எனக்கு ரொம்பப் புடிச்சதே அதுதான்.

அந்த முங்கப் போற கப்பலை நானே செஞ்சு பாக்கணும்னு கை அரிச்சுது. பஜார்ல பாத்திரக்கடைக்குப் போய், செப்புத் தகடு வேணும், இம்புட்டு நீளம் இம்புட்டு அகலம்னு காட்டினேன்.

"பூசைக்கு எந்திரம் எழுதவா தாயி? எழுதுறதுக்கு நல்ல ஆளு இருக்கு, சொல்லவா?"ன்னாரு கடைக்கார அண்ணாச்சி.

"கப்பல் போடப் போறேன் அண்ணாச்சி."

"கப்பலா? நம்ம ஊர்லயா?"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அப்பம் சிரிப்பாத்தான் இருந்துது.

இந்த வேலையில பொறுமைதான் முக்கால்வாசி. சின்ன மணல் மூட்டை மேல தகட்டை வச்சு, உளிய முன்னால தள்ளணும். வளைவு வேணும்னா உளியத் திருப்பக் கூடாது, தகட்டைத்தான் திருப்பணும். எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேச்சாத்தான் செம்புல பிசுக்குப் போகும். கோடு கண்ணுக்குத் தெரியணும்னா வெளக்குக் கரியை எண்ணெயில கொழைச்சு கீறலுக்குள்ள தடவணும். எல்லாத்துக்கும் மேல, இடவலம் மாத்திச் செதுக்கணும். அப்பந்தான் காகிதத்துல அழுத்தும்போது நேரா விழும். படத்துக்குக் கீழ எங்க ரெண்டு பேர் பேரையும் தமிழ்ல திருப்பித் திருப்பிச் செதுக்கினேன். கயிறு இழுக்குற ஆளுகள்ல ஒருத்தனுக்கு அவரோட மொகத்தை வச்சேன். எள்ளளவு மொகந்தான். ஆனாலும் அந்தச் சப்ப மூக்கு வந்துட்டுது.

வீடியோ காலுல தகட்டைக் காட்டினேன். "ஏட்டி, என்னைய எங்கன நிப்பாட்டியிருக்க? முங்கப் போற கப்பல்லயா?"ன்னாரு.

"நான் செதுக்கின கப்பல் முங்காது, பயப்படாதீங்க."

"பேரு திரும்பில்லா கெடக்கு?"

"அச்சடிச்சா நேரா வரும். நீங்க லீவுல வாங்க, மதுரையில என்கூடப் படிச்சவ மெசின் வச்சிருக்கா. சேந்து போய் அடிப்போம்."

"முத காப்பி எனக்கு"ன்னாரு. ஆக, அவருக்கு எல்லாம் தெரியும். தகடு எதுக்கு, பேரு ஏன் திரும்பி இருக்கு, கப்பல் எங்கேருந்து வந்துது, எல்லாம். இத நல்லா மனசுல வச்சுக்கோங்க.

செம்புல லேசாக் கீறல் விழுந்தாலும் அச்சுல கருப்பா வந்து நிக்கும். அதனால அவரோட பழைய கைலியில சுத்தி, பீரோவுக்கு அடியில தள்ளி வச்சிருந்தேன். வெளிய வச்சா அத்தை எடுத்து மாவுச் சட்டிக்கு மூடியாப் போட்டுருவா. ஒளிச்சு வைக்கணும்னு நெனைக்கல. ஆனா இப்பம் யோசிச்சா எனக்கே தெரியுது, செய்வினை வைக்கிறவ என்னென்ன செய்வாளோ அத்தனையும் ஒண்ணு விடாமச் செஞ்சிருக்கேன். செப்புத் தகடு, எலுமிச்சம்பழம், கரி, திருப்பி எழுதின பேரு, ஆளோட துணி. நல்ல பொருத்தம்.

அந்த மாசந்தான் அவருக்கு அடிபட்டுது. கப்பலை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து தெறிச்சு, வலது கையில ரெண்டு விரல் போயிட்டுது. கம்பெனிக்காரன் போன்ல சொன்னான். கையக் கொஞ்சம் தேத்தி ஊருக்கு அனுப்பி வைக்கோம்னான். அத்தை அப்படியே தரையில உக்காந்துட்டா. ஒரே மகன். அவளுக்கு அவன் மேல உசுரு, அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். மூணு நேரமும் சாப்பிடாமக் கெடந்தா. நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டு போனா, "வை"ன்னா. எறும்பு மொய்க்கிற வரைக்கும் அப்படியே இருக்கும்.

அப்புறம் மேலநீலிதநல்லூர் பக்கம் குறி சொல்லுற ஒரு ஆளைப் போய்ப் பாத்துட்டு வந்தா. "வீட்டுக்குள்ளயே செய்வினைத் தகடு இருக்கு, நான் வந்து எடுத்துத் தாரேன்"னு சொல்லிட்டானாம். இவனுக எல்லார்ட்டயும் அதத்தான் சொல்லுவானுக. எங்க ஊர்ப் பக்கம் பச்சப் புள்ளைக்கும் தெரியும். வரும்போதே இடுப்புல ஒரு தகட்டை முடிஞ்சு வச்சிருப்பான். வீட்டு முத்தத்துல ஒரு எடத்தைத் தோண்டச் சொல்லி, மண்ணோட மண்ணா அத நழுவ விட்டு, "இந்தா கெடக்கு பாரு"ம்பான். சனமும் கன்னத்துல போட்டுக்கும். வந்து தோண்டிட்டுப் போகட்டும், கெழவி மனசு ஆறட்டும்னுதான் நானும் சும்மா இருந்தேன்.

வந்தான். வேட்டிய மடிச்சுக் கட்டி, இடுப்புல முடிச்சு புடைச்சுக்கிட்டு நிக்கி. எனக்குச் சிரிப்பு வேற. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அடுப்படிக்குப் போனான், குளியலறைக்குப் போனான், கெணத்தடிக்குப் போனான். அத்தைக்குப் பொறுக்கல. அவன் தேடுறதுக்குள்ள அவளே கட்டிலுக்கு அடியிலயும் பீரோவுக்கு அடியிலயும் தொடப்பத்த விட்டு இழுத்துப் போட்டா. கைலி மூட்டை வெளிய வந்துது.

பிரிச்சான். அந்த ஆளு முழிச்ச முழி இருக்கே! வாழ்நாள் பூராத் தானே வச்சுத் தானே எடுத்தவன். மொத தடவையா தான் வைக்காத ஒரு தகடு நெசமாவே கெடைச்சிருக்கு. முங்கப் போற கப்பலு, வாயைப் பொளந்த மீனு, தண்ணிக்குள்ள கையத் தூக்கினவன், தலைமாறிக் கெடக்குற எழுத்து. மொகம் வேத்துப் போச்சு. இடுப்பு முடிச்சுகிட்ட இருந்த கைய மெதுவா எடுத்துட்டான். அவன் கொண்டு வந்த தகட்டுக்கு அன்னைக்கு வேலையே இல்ல.

"யம்மா, இது நம்ம பக்கத்து ஆளுக வேலை இல்ல. இது வெளிநாட்டு வேலை"ன்னான்.

நான் சொன்னேன். அத்தை, இது படம், உங்க மகன் வாங்கிட்டு வந்த கார்டைப் பாத்துச் செதுக்கினதுன்னு கார்டுகளை எடுத்துக் காட்டினேன். அவ கார்டைப் பாக்கவே இல்ல. தகட்டுல இருந்த எழுத்தையே வெரலால தடவிக்கிட்டு இருந்தா.

"எம் புள்ள பேரை எதுக்குட்டி தலைமாத்தி எழுதின?"

"அச்சடிச்சா நேராயிரும் அத்தை."

"ஆமா, நேராயிரும்"னான் அவன். "அடிச்சிருந்தா உசுரே போயிருக்கும். கையோட நின்னுது."

அடப்பாவி! பேதில போவான், பொழைப்புக்குப் பேசுதான்னு நெனச்சேன். ஆனா அவன் பொய் சொல்லல. அவனுக்கு நெசமாவே பயம். அதுதான் எனக்கு வெனையாப் போச்சு. ஏமாத்துறவன்கிட்டப் பேரம் பேசிரலாம், நம்பிட்டவன்கிட்ட என்னத்தப் பேச?

அதுக்கப்புறம் நடந்ததுதான் மொதல்ல சொன்னது. கார்டுகளை ஒரு மண்சட்டியில சூடத்தோட போட்டுக் கொளுத்தினாங்க. அந்தச் சட்டியிலயே வத்தலைப் போட்டு, என் தலைமேல சேலையப் போத்தி, மூஞ்சியக் குனியவச்சுப் புடிச்சா அத்தை. அவ கையில அம்புட்டுப் பலம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. கண்ணு எரியுது, நெஞ்சு அடைக்கி. "சொல்லுட்டி, வச்சேன்னு சொல்லு, விட்டுருதேன்"னா. நான் சொல்லல. உச்சந்தலையில ஒரு கொத்து முடியக் கத்திரி போட்டு நறுக்கினா. தகட்டோட சேத்து முடியவும் கடல்ல போடணுமாம். தகட்டை வேப்பிலை போட்ட பித்தளைச் செம்புக்குள்ள வச்சு மஞ்சத்துணியால கட்டிட்டான். செய்வினை வச்சவ கையாலயே போட்டாத்தான் வெலகும்னுட்டு அவன் போயிட்டான்.

செல்லையும் புடுங்கிக்கிட்டா. அவரு கூப்பிட்டா, "அவ தூங்குதா"ன்னு சொல்லி வச்சிருவா. வெள்ளிக்கெழமை என்னையக் கோயிலுக்கு இழுத்துட்டுப் போய், அம்பாள் சன்னதிக்கு முன்னால சக்கரக் குழியில உக்கார வச்சா. பேய் புடிச்சவங்களும் புத்தி கலங்கினவங்களும் உக்காந்தா சொகமாகும்னு நம்பிக்கை. எனக்கு முன்னால ஒரு சின்னப் பொண்ணு உக்காந்து எந்திரிச்சுது. எங்கயோ பாத்துச் சிரிச்சுக்கிட்டே போச்சு. அது உக்காந்த எடத்துல சூடு இருந்துது. நான் அம்பாளைப் பாத்து, தாயே, இந்தக் கெழவி நாக்கு அழுகிப் போகணும்னு வேண்டினேன். வேற எதுவும் வேண்டல. அப்படி ஒரு வேண்டுதலை அங்கன உக்காந்து எத்தனை பேரு வேண்டியிருப்பாளுகளோ.

எங்க அப்பா வீட்டுக்குப் போயிருக்கலாம். போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அதனால போகல. அவரு வரட்டும், வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். "நாந்தாம்மா வாங்கிக் கொடுத்தேன், அது வெறும் படம்." அம்புட்டுத்தான் எனக்கு வேணும். அத்தை மன்னிப்புக் கேக்க வேண்டாம், எதுத்த வீட்டுக்காரி வீடியோவ அழிக்க வேண்டாம். அவரு வாயிலேருந்து அந்த ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும். அத நெனச்சுக்கிட்டேதான் சோறு தின்னேன்.

மதுரையில எறங்கி, கார் புடிச்சு மத்தியானம் வந்து சேந்தாரு. கை பூராக் கட்டு. ஆள் பாதியா எளைச்சுப் போயிருந்தாரு. நான் கிட்டப் போறதுக்குள்ள அத்தை ஆரத்தி சுத்தி, உள்ள கூட்டிட்டுப் போய், கதவுகிட்டயே எல்லாத்தையும் கொட்டிட்டா. அவரு என் தலையப் பாத்தாரு. நறுக்கின எடத்துல முடி குத்திக்கிட்டு நிக்கி. அப்புறம், "தகட்டைக் காட்டு"ன்னாரு.

மஞ்சத்துணிய அவுத்து எடுத்துக் கொடுத்தா. ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. ஏன் இம்புட்டு நேரம்னு நானும் எட்டிப் பாத்தேன். அப்பந்தான் அது என் கண்ணுல பட்டுது. அவரு அடிபடுறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு தடவ உளி நழுவியிருந்துது. நழுவுறதுதான். செதுக்குறவங்க எல்லாருக்கும் நழுவும். அந்த எடத்தைச் சுரண்டி, தேச்சு, மழுப்பி எடுக்கணும். அப்புறம் பாத்துக்கிடலாம்னு விட்டிருந்தேன். அந்தக் கீறல் குறுக்க ஓடி, அவரு மொகத்தை வச்ச ஆளு புடிச்சிருந்த கயித்த, சரியாக் கைகிட்ட, ரெண்டா அறுத்திருந்துது.

"உளி நழுவிட்டுது"ன்னேன்.

அவரு தகட்டைத் திருப்பி அத்தை கையில கொடுத்தாரு. "நீ சொல்றபடி கடல்ல போட்டுருவோம்மா"ன்னாரு.

"அது படம்னு சொல்லுங்க. நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க, சொல்லுங்க"ன்னு கத்தினேன். "அம்மா மனசு சங்கடப்படுது, விடு. ஒரு தகடுதான, இன்னொண்ணு செஞ்சுக்கிடலாம்"னாரு. செரி, கை போன மனுசன், வலியில பேசுதாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தனியா இருக்கும்போது பேசுவாரு, அம்மைக்கு முன்னால பேச முடியாதுல்லா. அப்படி ஒரு சமாதானம்.

மறுநா காலையிலயே திருச்செந்தூருக்குக் கார்ல போனோம். அத்தை முன்னால உக்காந்து செம்பை மடியில வச்சிருந்தா. கரைக்கு வந்ததும் செம்பை என் கையில கொடுக்காம மணல்ல வச்சுட்டுத் தள்ளி நின்னா. நான் எடுத்துக்கிட்டேன். "ஏலே, நீயும் கூடப் போ. எங்கயும் கரையோரமாப் போட்டுரப் போறா, ஆழத்துல போடச் சொல்லு"ன்னா.

முழங்காலுக்கு மேல தண்ணி வர்ற எடத்துல நின்னோம். அவரு கட்டுக் கைய நனையாமத் தூக்கிப் புடிச்சிருந்தாரு. நான் துணிய அவுத்து, தகட்டை மட்டும் வெளிய எடுத்தேன். கோடு கோடா நான் செதுக்கின அலை. எதுத்தாப்புல நெசக் கடலு. ஒரு கோட்டுக்கு எத்தனை தடவை மூச்சைப் புடிச்சிருப்பேன். எறிஞ்சேன். ஒரு மினுக்கு மினுக்கிட்டு முங்கிட்டுது. முடியவும் செம்பையும் அதுக்குப் பின்னாலயே போட்டேன். அப்பந்தான் அவரு குனிஞ்சு என் காதுகிட்ட வந்தாரு. மன்னிப்புக் கேக்கப் போறாருன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

"அம்மாட்டச் சொல்ல மாட்டேன். நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்"னாரு. "நெசத்தைச் சொல்லு. நீ ஒண்ணும் வைக்கலல்லா?"

அவரு மொகத்தைப் பாத்தேன். கேலி இல்ல, கோவம் இல்ல. பயந்துதான் கேக்காரு. வத்தல் புகையில வராத வார்த்தை அப்பந்தான் வந்துது.

"வச்சேன்"னேன்.

பொய் சொல்லாதட்டின்னு அவரு சொல்லல. ஏன் வச்சேன்னு கேக்கல. இல்ல, இல்லன்னு அத்தனை நாளாக் கத்தினேன், ஒரு நாதி நம்பல. வச்சேன்னு ஒரே ஒரு வார்த்தை, ஒடனே நம்பிட்டாரு. கட்டுப் போட்ட கைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, என் மேல படாம வெலகி, அவுக அம்மைகிட்டப் போனாரு.